ஓலம்மாவை அம்மாவுக்கு வாசித்தது

ம. நவீனைப் பற்றி இங்கே யாராவது பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே தடை வந்துவிடுகிறது. “பேய்ச்சி எழுதுனாரே, கவர்மென்ட் தடை பண்ணிட்டாங்களே, அவரா?” அவரேதான். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்த நாவலுக்குத் தடை அறிவித்தது. ஆபாசம், ஒழுக்கக்கேடு என்று காரணம் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் ‘தடை செய்யப்பட்ட எழுத்தாளர்’. அதற்கு முன்னால் பதினைந்து வருடமாகச் செய்ததும் அதற்குப் பிறகு எழுதியதும் அந்தப் பட்டத்துக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டன. புத்தகத்தை வாசிக்காதவர்களுக்கு இது ரொம்ப வசதி. ஆதரிக்கிறவர்களுக்கும் வசதி, திட்டுகிறவர்களுக்கும் வசதி.

நான் விமர்சகர் இல்லை. லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். பேய்ச்சியை ஒருமுறை எனக்காகவும், ஒருமுறை அம்மாவுக்காகச் சத்தம் போட்டும் வாசித்தவள் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். நவீன் 1982இல் கெடா மாநிலம் லூனாசில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கவிதையில் தொடங்கினார். 2007இல் வல்லினம் இதழைத் தொடங்கியபோது அவருக்கு இருபத்தைந்து வயது. முதலில் அச்சில் வந்து, பிறகு இணையத்துக்கு மாறியது. மண்டை ஓடி, போயாக், உச்சை என்று சிறுகதைத் தொகுப்புகள். 2019இல் பேய்ச்சி, அவருடைய முதல் நாவல். அப்போது முப்பத்தேழு வயது. மலேசியத் தமிழ் இலக்கியத்தில் ஓய்வூதியம் வாங்க ஆரம்பிக்கும்வரை எல்லோரும் ‘இளம் எழுத்தாளர்’தான், அந்தக் கணக்கில் அவர் குழந்தை.

அவருக்கு எதிரிகள் நாவலால் வந்தவர்கள் இல்லை என்பது என் எண்ணம். அதற்கு முன்பே இருந்தார்கள். நம் ஊர்ப் புத்தக வெளியீடு எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? தலைமை தாங்க ஒருவர், பொன்னாடை, மாலை, முதல் பிரதியைப் பெரிய தொகை கொடுத்து வாங்கும் தொழிலதிபர். புத்தகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். இந்தச் சூழலில் ஒரு பத்திரிகை வந்து ‘இந்தக் கதை கதையே இல்லை’ என்று பெயர் சொல்லி எழுதினால் எப்படி இருக்கும்? வல்லினம் அதைத்தான் செய்தது. சில நேரம் தேவைக்கு மேலேயே கடுமையாக. மறுபக்கம், யாரும் அதிகம் கண்டுகொள்ளாத மூத்தவர்களைத் தேடிப் போனதும் அதே பத்திரிகைதான். சயாம் மரண ரயிலைப் பற்றி நாவல் எழுதிய அ. ரெங்கசாமிக்கு 2014இல் முதல் வல்லினம் விருதைக் கொடுத்தார்கள். திட்டுவது மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

பேய்ச்சி என் கைக்கு வந்தது 2020 ஜனவரியில், ஈப்போவில் இருக்கும் தோழி மூலமாக. இரண்டு மாதம் மேசையில் கிடந்தது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த முதல் வாரங்களை மலையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். லாரிகள் இறங்க வழியில்லை, சந்தைகள் மூடிக் கிடந்தன, பறித்த காய்களைத் தோட்டக்காரர்கள் குப்பையாகக் கொட்டினார்கள். எனக்கு எழுதக் கணக்கு இல்லை. அம்மாவுக்குக் கண்ணில் புரை. டிவி பார்த்தாலும் நிழல்தான் தெரியும். “சும்மாதான இருக்க, எதாவது படிச்சுக் காட்டேன்” என்றார்.

அம்மா மூன்றாம் வகுப்பு வரை போனவர். பிறகு கொழுந்து பறிக்கப் போய்விட்டார். முதலில் கையால், அப்புறம் பெட்டி வைத்த கத்தரிக்கோலால். முப்பத்தொரு வருடம். அவருக்குக் கதை என்றால் சாமி கதை, சினிமா கதை. நான் சாமி பெயரில் ஒரு புத்தகம் இருக்கிறது என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். பேய்ச்சி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த தெய்வங்களில் பேய்ச்சியும் உண்டாம். லயத்துக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு கல் இருந்ததாம். எனக்கு இது அன்றைக்குத்தான் தெரியும்.

லூனாஸ் கம்பத்து ஆட்கள், பால்மரக் காடு, ஓலம்மா. ஓலம்மாதான் நாவலின் முதுகெலும்பு. அவள் வாயைத் திறந்தால் வருகிற வார்த்தைகள் இருக்கிறதே, அவற்றை அம்மா முன்னால் வாசிக்க எனக்கு நாக்கு எழவில்லை. அந்த இடங்களை முழுங்கிவிட்டுத் தாண்டினேன். இரண்டாம் நாளே அம்மா பிடித்துவிட்டார்.

“ஏன் நடுவுல நடுவுல முழுங்கற?”

“ஒன்னுமில்லம்மா. கெட்ட வார்த்த.”

“அவ அந்த எடத்துல இதத்தான சொல்லியிருப்பா?” என்று அம்மா ஒரு வார்த்தையைச் சொன்னார். அச்சில் இருந்ததும் அதே வார்த்தைதான். கொஞ்சம் உறவுமுறை மட்டும் கூட்டிச் சொன்னார்.

அதற்குப் பிறகு அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நான் வார்த்தைக்கு முன்னால் நிறுத்துவேன். அம்மா நிரப்புவார். பாதிக்கு மேல் சரியாக இருக்கும். தவறும்போது, “இல்ல, இவன் எழுதுனது தப்பு. கோவத்துல அப்படி வராது” என்று ஆசிரியரைத் திருத்துவார். அந்த வாரங்களில் அம்மா சிரித்த மாதிரி அப்பா போன பிறகு நான் பார்த்ததில்லை.

அம்மா கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு ‘சனியனே’ கூட வராது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் முன்னால் நிற்கும்போது அம்மா பேசும் தமிழ் வானொலித் தமிழ் மாதிரி இருக்கும். ஆனால் மலையில் நிரையில் நிற்கும்போது வேறாம். அட்டை கடித்தால் ஒரு வார்த்தை. மழைக்கு ஒரு வார்த்தை. நிறுக்கும்போது ஈரக் கழிவு என்று சொல்லி எடையைக் குறைக்கும் ஆளுக்கு அவர் காது கேட்கிற தூரத்திலேயே நாலு வார்த்தை. தண்டல் ஒருவர் பெண்கள் நிரையில் வேண்டுமென்றே உரசிக்கொண்டு நடப்பாராம். அவரை நிறுத்தியது துரையிடம் கொடுத்த புகார் இல்லை. ஒரு நாள் பெரட்டில், எல்லோரும் நிற்கும்போது, ஒரு அக்கா அவரைக் கேட்ட ஒரு கேள்வி. அதில் எத்தனை கெட்ட வார்த்தை என்று அம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அதற்கு அடுத்த நாளிலிருந்து அந்த ஆள் ரோட்டிலேயே நின்றுகொண்டாராம்.

இதெல்லாம் நாற்பது வருடம் என் அம்மாவிடம் இருந்தது. கேட்க ஒரு காரணம் இல்லாமல் இருந்தது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உடலுறவு வருகிற பக்கங்களை நான் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அம்மா மத்தியானம் தூங்கும்போது அவற்றைத் தனியாக வாசித்துக்கொண்டேன். எல்லாப் புத்தகமும் எல்லோருக்கும் சத்தம் போட்டு வாசிக்க அல்ல. அதற்காக அமைச்சு வர வேண்டியதும் இல்லை. என் வீட்டில் அந்த ஏற்பாட்டை நானும் அம்மாவும் ஒரு வார்த்தை பேசாமலே செய்துகொண்டோம்.

அம்மா நிறுத்தச் சொன்ன இடம் வேறு. சம்சு வந்தபோது.

லூனாசில் 1981இல் விஷச் சம்சு குடித்துப் பலர் இறந்தார்கள். நவீன் பிறப்பதற்கு முந்தைய வருடம். அதாவது அவர் பார்த்ததில்லை, ஊர் பேசப் பேசக் கேட்டு வளர்ந்திருக்கிறார். நாவல் அந்தச் சாவுகளைச் சுற்றித்தான் போகிறது. எங்கள் பெரியம்மா வீட்டுக்காரர் வேறொரு தோட்டத்தில் இதே சம்சுவில் போனவர், லூனாஸ் அல்ல, அங்கே செய்தித்தாள் வரவில்லை, ஒரே ஒரு சாவு. அம்மா “மூடி வை” என்றார். நான்கு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் பசியாறிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அவராகவே, “அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். மீதியை மூன்றே இரவில் முடித்தோம். என்ன ஆச்சு என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை.

நாவலில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கொடுமை ஆறுவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. தெய்வமும் சாபமும் மருந்தும் விஷமும் ஒரே நேரத்தில் வாசலில் நெருக்குகின்றன. முதல் நாவல் எழுதுகிறவர்கள் தனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டிவிடுவார்களே, அந்த அவசரம் இதிலும் உண்டு. ஆனால் ஓலம்மா நிற்கிறாள். தோட்டத்துப் பெண் என்றால் கண்ணீர் விடுகிறவள், கற்பைக் காக்கிறவள், கணவனிடம் அடி வாங்குகிறவள் என்று எழுதி எழுதிப் பழகிய இலக்கியத்தில், வாயும் கையும் உள்ள ஒருத்தியை அவர் நிற்க வைத்திருக்கிறார். இதைத்தான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

அந்த வருடக் கடைசிப் பாதியில் எங்கள் உறவுக்காரர்களின் வாட்சப் குழுவில் படங்கள் வந்தன. நாவலின் பக்கங்கள். சில வரிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். முன்னும் பின்னும் இல்லை. யார் யாரிடம் பேசுகிறார், ஏன் பேசுகிறார், எதுவும் இல்லை. ‘இதுதான் நம் தமிழ்ப் பெண்களைப் பற்றி எழுதும் லட்சணமா?’ என்று கீழே ஒரு கேள்வி. சின்னம்மா என்னைக் கூப்பிட்டு, “நீ இதையா அக்காவுக்குப் படிச்சுக் காட்டுன?” என்றார். சின்னம்மாவும் பத்து வருடம் கொழுந்து பறித்தவர்தான். அம்மா போனை வாங்கி, “நீ அந்தத் தண்டலப் பேசுனத விடவா?” என்று கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சின்னம்மா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “பேசுனோம்க்கா. அத எழுதணுமா? மத்தவன் படிப்பானே.”

மத்தவன் படிப்பான். இந்தச் சண்டையின் அடிமடி இதுதான் என்று நினைக்கிறேன். மலாய்க்காரர், சீனர் பக்கத்தில் வாழ்கிறோம். குடிகாரர், குண்டர் கும்பல் என்று ஏற்கெனவே பெயர். பிள்ளைகளைப் படிக்க வைத்து, லயத்தை விட்டு இறங்கி, தராமான் வீட்டுக்குப் போய், வாயைக் கழுவிக்கொண்டு உட்காரும்போது ஒருவன் வந்து அந்த வாயைத் திறந்து காட்டுகிறான். சின்னம்மாவின் கோபம் பொய் இல்லை. நான் அதை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

இண்டர்லோக் நினைவிருக்கிறதா? அப்துல்லா உசேன் 1971இல் எழுதிய நாவல். அவர் 1996இல் தேசிய இலக்கியவாணர் ஆனவர். 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு அதைப் பாடநூலாக வைத்தபோது, இந்தியர்களைப் பற்றிய பகுதியில் வந்த சாதிப் பெயரும் சித்திரிப்பும் நம்மவர்களைக் கொதிக்க வைத்தன. அந்த வருடக் கடைசியில் பாடநூல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். கோயில் மண்டபத்தில் வைத்திருந்த மனுவில் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் அது நியாயம் என்றுதான் சொல்வேன். நாற்பது பேர் வகுப்பில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். அந்தச் சொல்லைப் பரீட்சைக்காக எல்லோரும் மனப்பாடம் செய்தால் இடைவேளையில் என்ன நடக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். கட்டாயமாகப் பிள்ளைகள் மேல் வைத்த புத்தகம் அது. பேய்ச்சியை யார் கட்டாயப்படுத்தினார்கள்? கடையில் தேடினாலே கிடைக்காத புத்தகம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘அன்னைக்கும் போராடினோம், இன்னைக்கும் போராடினோம்’ என்று மார்தட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

தடை என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பலர் அதைக் கண்டனத் தீர்மானம் போல நினைக்கிறார்கள். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ் தடை செய்த நூலை அச்சிட்டால், விற்றால், விநியோகித்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். தகுந்த காரணம் இல்லாமல் வைத்திருந்தாலே 5,000 வெள்ளி வரை அபராதம். அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த புத்தகம் ஒரே நாளில் இந்த நிலைக்கு வந்தது. சின்னம்மா அதைக் கொளுத்தச் சொன்னார். என் பிரதி இப்போது எங்கே என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

எழுத்தாளர் பிடிக்கவில்லை என்றால் கூட்டம் கூடுவது நமக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. 2002இல் மாஸ்கோவில் விளாதிமிர் சொரோகினின் புத்தகங்களைப் பெரிய கழிப்பறை ஒன்றைச் செய்து வைத்து அதற்குள் போட்டார்கள், அதுவும் போல்ஷோய் நாடக அரங்கின் முன்னால். செய்தது ஆட்சிக்கு வேண்டிய ஓர் இளைஞர் அமைப்பு. அவர்மேல் ஆபாச வழக்கும் வந்தது. அடுத்த வருடம் அது கைவிடப்பட்டது. நம் வீடுகளில் ரஷ்ய இலக்கியம் என்றால் டால்ஸ்டாய், கார்க்கி, மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த கெட்டி அட்டைப் புத்தகம். அந்த நாட்டிலேயே இப்படி என்று கேட்டபோது எனக்கு ஒரு அற்ப ஆறுதல் வந்தது. தமிழ்நாட்டுக் கதை எல்லோருக்கும் தெரியும். பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010இல் வந்தது, எதிர்ப்பு 2014 டிசம்பரில் கிளம்பியது, தான் எழுத்தாளனாகச் செத்துவிட்டதாக அவர் 2015 ஜனவரியில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று மீண்டும் எழுதச் சொன்னது. அங்கே ஒரு நீதிமன்றம் வாய் திறந்தது. இங்கே பேய்ச்சியோடு ஒரே அறிவிப்பில் தடை செய்யப்பட்ட இன்னொரு புத்தகம், ஓரினச் சேர்க்கையைக் கிறித்துவப் பார்வையில் பேசுவது, நீதிமன்றம் போனது. 2022இல் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்பவும் தடை சரி என்றது.

நவீன் செத்துவிட்டதாக எதையும் அறிவிக்கவில்லை. அடுத்த வருடமே, 2021இல், சிகண்டி வந்தது. கோலாலம்பூர் சௌக்கிட் பகுதி, திருநங்கைகள், கும்பல்கள். அதாவது எந்த இடத்தில் அடி விழுந்ததோ அந்த இடத்திலிருந்து ஒரு அடிகூடத் தள்ளிப் போகவில்லை. அதற்குப் பிறகு தாரா. ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையில் தடையைவிட இது முக்கியமான செய்தி இல்லையா? ஆனால் எந்த வாட்சப் குழுவிலும் சிகண்டியின் பக்கம் வட்டம் போட்டு வரவில்லை. ஒருமுறை கத்தியதோடு எல்லோருக்கும் களைத்துவிட்டது போல.

எனக்கு இருக்கிற பொறாமை வேறு. மலேசியத் தமிழ் நாவல் என்றால் ரப்பர்தான். அகிலன் வந்து எழுதியதும் பால்மரக் காடு, நம்மவர் எழுதியதும் பெரும்பாலும் பால்மரக் காடு. சீ. முத்துசாமிக்கும் அதுதான் மண். தேயிலைக்கு இலங்கையில் தெளிவத்தை ஜோசப் இருந்தார். வால்பாறைக்கு டேனியல் எழுதிய எரியும் பனிக்காடு இருக்கிறது. எங்கள் மலைக்கு யார்? 1929இலிருந்து இங்கே தேயிலை இருக்கிறது. 2013 அக்டோபரில் நள்ளிரவில் அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டு லெம்பா பெர்த்தாமில் வீடுகள் போயின, உயிர்கள் போயின. அது இன்றுவரை செய்தியாகத்தான் கிடக்கிறது. அந்த இரவு ஓடியவர்கள் என்ன கத்தினார்கள் என்று எனக்குத் தெரியும். அச்சில் போட முடியாத வார்த்தைகள்தான். நாளைக்கு எங்கள் பிள்ளை ஒருத்தி அதை எழுத உட்கார்ந்தால், எழுதுவதற்கு முன்பே அந்தச் சிவப்பு வட்டம் அவள் கண் முன்னால் வந்து நிற்கும். தடையால் வந்த நஷ்டத்தில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். நவீனுக்கு ஆனதை நவீன் சமாளித்துக்கொண்டார்.

இப்போது கொழுந்து பறிப்பது பெரும்பாலும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும். அவர்கள் மழையை என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

சிகண்டி வாங்கிய கையோடு அம்மாவுக்கு வாசிக்க உட்கார்ந்தேன். இந்தத் தடவை எதையும் முழுங்கவில்லை. ஆனால் சௌக்கிட் என்றதுமே அம்மாவுக்கு ஆர்வம் போய்விட்டது. “அது டவுன்காரங்க கதை, எனக்குத் தெரியாத ஆளுங்க” என்றார். இரண்டாவது அத்தியாயத்தில் தூங்கிப்போனார். நான் விளக்கை அணைக்காமல் மீதியை எனக்காக வாசித்தேன்.